மறு: ரோலர் ஃபர்லிங் – ‘பாய்ச்சுருட்டி’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

பழைய பாய்ப்படகுக்கு ரோலர் ஃபர்லர் (படகின் முன்பாயைச் சுருட்டும் கருவி) வாங்குவது பற்றிய கையேட்டின் தமிழ்ச் சொற்பட்டியலைப் பார்த்தேன். அதில் இதற்குத் தந்திருக்கும் ‘பாய்ச்சுருட்டி’ கேட்டதும் புரிகிற சொல்தான். ஆனால் இரண்டு தடங்கல் இருக்கின்றன.

ஒன்று சின்னது. சேர்த்து எழுதினால் கண் அதைப் ‘பாய்ச்சு + உருட்டி’ என்று பிரித்துவிடுகிறது. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் கருவியோ என்று தோன்றும். ‘முன்பாய்ச் சுருட்டி’ என்று இடம் விட்டு எழுதினால் தீர்ந்தது. (பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்புவது என்ற வழக்கு வேறு இருக்கிறது. இருக்கட்டும், இந்தக் கருவியின் பாதி வேலை அதுதானே.)

இரண்டாவதுதான் பெரியது. ஃபர்லிங் வேறு, ரீஃபிங் வேறு. முதலாவது, பாயை முழுக்கச் சுருட்டி ஓய்வில் வைப்பது. இரண்டாவது, காற்று ஏறும்போது பாயின் பரப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு தொடர்ந்து ஓடுவது. 1900-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வந்த வைக்கம்-மார்ட்டின் கருவி முதல் வேலைக்கு மட்டுமே ஆனது: ஒன்று முழுப் பாயும் விரிந்திருக்கும், இல்லையேல் முழுதும் சுருண்டிருக்கும். கோட் சீரோ போன்ற லேசான பாய்களுக்கு இன்றும் இதே வகைதான். ஹார்கன், புரோஃபர்ல், ஃபர்லெக்ஸ் போன்ற வணிகப்பெயர்களில் நெடும்பயணப் படகுகளுக்கென்று விற்கும் கருவிகள் இரண்டு வேலையும் செய்யும். ஆங்கிலத்தில் பேச்சுவழக்கில் எல்லாமே ஃபர்லர்தான். பழைய படகை வாங்கியவர் அதன் அணியத்தில் (முன்முனையில்) ஒரு உருளை இருப்பதைப் பார்த்து, காற்று ஏறினால் பாதி சுருட்டிக்கொள்ளலாம் என்று நம்பிப் போனால் கடலில் மாட்டிக்கொள்வார். அந்தக் குழப்பத்தைத் தமிழுக்கும் இறக்குமதி செய்யத் தேவையில்லை.

என் முன்மொழிவு: முதல் வகைக்கு ‘முழுச்சுருட்டி’, இரண்டாவதற்கு ‘அளவுச்சுருட்டி’. முழுச் சாப்பாடு, அளவுச் சாப்பாடு என்று உணவகப் பலகையில் படித்து வளர்ந்த யாருக்கும் விளக்கம் வேண்டாம். வினைக்கு ‘சுருட்டல்’, ‘குறுக்கல்’ போதும்.

ஆனால் அளவுச்சுருட்டியிலும் அளவுக்கு ஓர் அளவு உண்டு. ஜெனோவாவை (பெரிய முன்பாயை) ஏறக்குறைய 30 சதவீதத்துக்கு மேல் குறுக்கினால் பாயின் வயிறு உப்பி, காற்றை எதிர்த்து ஏறுவதற்கு உதவாமல் போகும். முன்விளிம்பில் நுரைப்பட்டையோ கயிறோ வைத்துத் தைத்தால் ஓரளவு தட்டையாக நிற்கும். கையேட்டில் இதைத் தனிப் பத்தியாகவே எழுதலாம்.

> ஃபாயில் = படலம்

இது வேண்டவே வேண்டாம். சோற்றுப் பொட்டலத்தின் அலுமினியத் தாள் இல்லை இது. முன்வடத்தின் (பாய்மரத்திலிருந்து படகின் முன்முனைக்கு ஓடும் கம்பியின்) மேல் மாட்டி, நீளவாக்கில் பள்ளம் ஓடும் அலுமினியக் குழல். பாயின் முன்விளிம்பு அந்தப் பள்ளத்தில் நுழைந்து மேலே ஏறுகிறது. தச்சர்கள் இப்படிப்பட்ட பள்ளத்தைக் காடி என்பார்கள். ‘காடிக்குழல்’ என்று வைக்கலாம்.

குழல் வந்தபின் உள்ளே இருக்கும் முன்வடம் கண்ணுக்குத் தெரியாது. 1970-களில் கட்டிய 30 அடிப் படகில் பழைய கம்பியின் மேலேயே புதுச் சுருட்டியை மாட்டுவது எனக்குத் தெரிந்து மிக மோசமான சிக்கனம். 19 இழை எஃகுக் கம்பி வெளியே பளபளக்கும். உப்புநீர் வழிந்து தேங்கும் கீழ்முனைப் பிடிப்பில் மயிரிழை விரிசல் ஓடியிருக்கும். 10, 15 ஆண்டுகளில் கம்பியை மாற்றச் சொல்வது ரிக்கர்களின் (பாய்மரம், கம்பி, கயிறு பொருத்துபவர்களின்) வழக்கம். சுருட்டி வாங்கும் நாளிலேயே அதையும் மாற்றிவிடுவது நல்லது. உருளைக்கு அடியில் இரு பக்கமும் அசையும் இணைப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

> ஹேல்யார்ட் = ஏற்றுக்கயிறு

தவறில்லை. ஆனால் ‘ஆஞ்சான்’ அகராதியிலேயே இருக்கிறது, அதை ஏன் விட வேண்டும்? ஷீட்டுக்கு (பாயின் பின்மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிற்றுக்கு) ‘தாமான்’ இருப்பது போலத்தான். பட்டியலில் இல்லாத ‘ஹேல்யார்ட் ராப்’புக்கும் ‘ஆஞ்சான் முறுக்கு’ என்று சொல் கிடைத்துவிடும். அது அவசியம் வேண்டும், ஏனென்றால் பழைய படகில் அடிக்கடி வரும் கோளாறு இதுதான். பாய் சுருளும்போது அதன் தலையைப் பிடித்திருக்கும் சுழலியின் மேல்பாதி சுழலாமல் நிற்க வேண்டும். ஆஞ்சான் முன்வடத்துக்கு இணையாக ஓடினால் அது நிற்காது. கயிறும் கூடவே குழலைச் சுற்றிக்கொள்ளும். பாய்மரத்தை நோக்கிச் சுமார் 8 முதல் 10 பாகை வரை கோணம் இருந்தால் சுற்றாது. பழைய பாய் குட்டையாக இருந்தால் சுழலி கீழேயே நின்றுவிடும்; பாயின் தலைக்கும் சுழலிக்கும் நடுவே ஒரு துண்டுக் கம்பி சேர்த்து அதை உயர்த்துவார்கள். அதுவும் போதாவிட்டால் பாய்மரத்தில் ஒரு வளையம் பொருத்தி ஆஞ்சானைப் பின்னால் இழுத்துப் பிடிக்க வேண்டும்.

ஆஞ்சான் இப்படி முறுக்கிக்கொண்டு, சுருட்டுக்கயிறு (உருளையில் சுற்றியிருக்கும் கயிறு) இறுகினால் வின்ச்சில் (கயிறு இழுக்கும் சுழல்பொறியில்) போட்டு இழுக்கத்தான் கை போகும். அப்படி இழுத்தால் முன்வடத்தின் இழைகள் பிரிந்து, பாய்மரமே சாய்ந்த கதைகள் உண்டு.

உருளையில் கயிறு எத்தனை சுற்று வேண்டும் என்பதையும் சேருங்கள். பலத்த காற்றில் பாய் இறுக்கமாகச் சுருளும், சுற்று அதிகம் தேவைப்படும். அதன்பிறகும் தாமான் இரண்டு மூன்று முறை பாயைச் சுற்றிக் கட்டக் கயிறு மிஞ்ச வேண்டும்.

———

மறு: மறு: ரோலர் ஃபர்லிங்

வணக்கம் ஐயா. அளவுச்சுருட்டி, ஆஞ்சான் முறுக்கு இரண்டுக்கும் என் ஓட்டு. காடிக்குழல்தான் கொஞ்சம் இடிக்கிறது, காடி என்றால் எங்கள் வீட்டில் வினிகர். ஆனாலும் ஜன்னல் சட்டத்துக்குக் காடி எடுப்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் விட்டுக்கொடுக்கிறேன்.

விடுபட்டது ஒன்று. சுருட்டிய பாய் எந்நேரமும் வெயிலில் கிடக்கும். பின்விளிம்பிலும் அடிவிளிம்பிலும் தைக்கும் காப்புத்துணிக்குப் பட்டியலில் சொல் இல்லை. ‘வெயில்பட்டை’ என்று போட்டிருக்கிறேன். எந்தப் பக்கம் தைத்திருக்கிறதோ அந்தப் பக்கம் வெளியே வரும்படிதான் உருளையில் கயிற்றைச் சுற்ற வேண்டும் என்பதையும் அதே வரியில் சேர்த்துவிட்டேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.