ஸ்டாம்ப் சேகரிப்பவர்கள் மன்றம்: கைக்கு வந்த போலந்து ஸ்டாம்ப், உங்களுக்கு என்ன ஆச்சு?

ஞாயிறுசந்தை

கிராக்கோவ் ஹாலா தார்கோவா சந்தை, ஞாயிறு காலை, சாக்லேட் டப்பாவில் பழைய ஆஸ்திரிய ஸ்டாம்ப்களைக் கொட்டி வைத்துக்கொண்டு ஒரு தாத்தா. கிளறிக்கொண்டே இருந்தேன். அடியில் ஊதா நிறத்தில் 10 கொரோனா (அந்தக் கால ஆஸ்திரியப் பணம்), அதன் மேலே கறுப்பில் "போச்தா போல்ஸ்கா", அதாவது போலந்துத் தபால் என்ற மேலச்சு. 1919 கிராக்கோவ் வெளியீடு! அதிலும் அபூர்வமான 10 கொரோனா! அதன் விலை உங்களுக்கே தெரியும். 400 ஸ்லோட்டி (போலந்துப் பணம்) கேட்டார், பேரம் பேசினால் சந்தேகம் வந்துவிடுமோ என்று பயந்து ஒப்புக்கு ஐம்பது குறைத்துக் கொடுத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

மறுநாள் ஒரு ஸ்டாம்ப் கடையில் காட்டினேன். கடைக்காரர் கேட்டலாக்கைத் தொடவே இல்லை. லென்ஸை என் பக்கம் தள்ளிவிட்டு, தபால் முத்திரையின் ஓரத்தில் பென்சில் முனையை வைத்தார். அரை வட்டம்தான் விழுந்திருந்தது, ஆனால் அந்த அரையில் "17" பளிச்சென்று இருக்கிறது. 1917-இல் ஏது போலந்துத் தபால்? அப்போதே உபயோகித்து முடிந்த சாதாரண ஆஸ்திரிய ஸ்டாம்பின் மேல் பிறகு எவனோ மேலச்சு அடித்திருக்கிறான். பணம் போனது கூடப் பெரிதில்லை, முந்தின நாள் ராத்திரி முழுக்க அதே முத்திரையைத்தான் "என்ன அழகாக விழுந்திருக்கிறது" என்று போன் வால்பேப்பராக வைத்திருந்தேன்.

மூன்றாவதுமாடி

உங்களுடையது போலி, அதனால் மறந்துவிடலாம். என்னுடையது அசல்.

வார்சாவில் நான் வாடகைக்கு இருந்த வீட்டு அம்மா, அவங்க அப்பாவின் ஆல்பத்தைக் கொண்டு வந்து காட்டினாங்க. குதிரை, காளான், நாய் என்று 50கள், 60களின் ஸ்டாம்ப்தான் நிறைய, சின்ன வயதில் நம் எல்லார் ஆல்பத்திலும் இருந்த அதே கலர் கலர் சமாச்சாரம். கடைசிப் பக்கத்தில் தனியாக ஒன்று. நீலச் சட்டம், நடுவில் ரோஜா நிறம், இரட்டைத்தலைக் கழுகு. 1860, ரஷ்யா ஆண்ட காலத்துப் போலந்தின் முதல் ஸ்டாம்ப், போலந்து நம்பர் 1. வட்டத்துக்குள் வட்டமாக முத்திரை, நடுவில் "1", அதாவது வார்சாவிலேயே போட்ட கடிதம். எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஆனால் அதன் குறுக்கே பழுப்பேறிய செலோ டேப்!

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "அம்மா, இந்த டேப் ஸ்டாம்பைக் கெடுத்துவிடும்" என்று எனக்குத் தெரிந்த அரைகுறைப் போலிஷில் சொன்னேன். "அப்படியா" என்று நகத்தால் ஒரே இழு. டேப்போடு கழுகின் ஒரு தலையும் ரோஜா நிறமும் சேர்ந்து வந்துவிட்டது. அவங்க சாவகாசமாக அந்த டேப்பை உருட்டி ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாங்க. அதற்கு என்ன விலை என்று இன்றுவரை நான் சொல்லவில்லை.

ரப்பர்முத்திரை

ஞாயிறுசந்தை, கோபித்துக்கொள்ளாதீர்கள், இதில் தாத்தா மேல் தப்பே இல்லை. 10 கொரோனா சாக்லேட் டப்பாவில் வராது சார்.

என் கதை சின்னது. 1950 அக்டோபர் கடைசியில் பணம் மாறி, நூறு பழைய ஸ்லோட்டி ஒரு புது ஸ்லோட்டி ஆனபோது, கையிருப்பில் இருந்த ஸ்டாம்ப்களில் "கிரோஷி" (Groszy, ஸ்லோட்டியின் நூறில் ஒரு பங்கு) என்று அந்தந்த வட்டாரத்திலேயே அடித்துக் கொடுத்தார்கள் இல்லையா, அதில் எண்பது வகை ஒரே கட்டாக வூச் நகரில் வாங்கினேன். எண்பதில் பெரும்பாலானவற்றுக்கு முதல் எழுத்தான "G"-இல் ஒரே இடத்தில் ஒரே பிசிறு. யார் வீட்டுச் சமையலறையிலோ ஒரே ரப்பர் ஸ்டாம்பால் உட்கார்ந்து அடித்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

இப்போது எல்லாரும் கவனியுங்கள். மேலச்சு ஸ்டாம்ப் என்றால் முதலில் முத்திரையின் தேதி, அப்புறம் எந்த மை எதன் மேல் இருக்கிறது. தபால் முத்திரை அடியிலும் மேலச்சு மேலேயும் இருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பின்பக்கம் நிபுணரின் குட்டி முத்திரை இருந்தாலே நம்பிவிடாதீர்கள், அதையும் போலியாக அடிக்கிறார்கள். விலை உயர்ந்தது என்றால் படத்தோடு சான்றிதழ் கேளுங்கள். நம்பர் 1-ஐப் பொறுத்தவரை, பழுப்பும் நீலமுமாக இருக்கிற ரஷ்ய 10 கோபெக் ஸ்டாம்பைக் காட்டி ஏமாற்றுவார்கள், எழுத்தைப் பாருங்கள், போலந்து ஸ்டாம்பில் ரஷ்யன், போலிஷ் இரண்டு மொழியும் இருக்கும். 1865-இல் அதை நிறுத்திவிட்டு ரஷ்ய ஸ்டாம்பையே விற்க ஆரம்பித்துவிட்டார்கள், ஆகவே ஐந்து வருஷம்தான் ஆயுள். "உபயோகிக்காதது" என்றால் புற ஊதா விளக்கில் காட்டுங்கள், கழுவி எடுத்துப் புதுப் பசை தடவியிருப்பார்கள். டேப்பை இழுக்கக் கூடாது, பின்பக்கமாகப் பென்சின் (benzine) திரவம் ஒரு சொட்டு விட்டுப் பசை இளகும்வரை பொறுக்க வேண்டும்.

மூன்றாவதுமாடி

பென்சின் சொட்டா. இரண்டு வருஷம் கழித்துச் சொல்கிறீர்கள்.

ஞாயிறுசந்தை

சாக்லேட் டப்பாவில் வராது என்று எனக்கும் தெரியும் சார், 350 ஸ்லோட்டி கொடுத்துத்தான் தெரிந்துகொண்டேன். எண்பது கிரோஷியை ஒரே கட்டாக வாங்கினவர் சொல்கிறார்!

கடைசிப்பெஞ்சு

சண்டை போடாதீர்கள். நான் எதையும் வாங்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை, ஆனாலும் தூக்கத்தில் வருகிறது.

கூட வேலை செய்யும் நண்பனின் பாட்டி, வார்சா. ஜெர்மன் படைக்கு எதிரான 1944 எழுச்சியின்போது சாரணர் பையன்கள் தூக்கிக்கொண்டு ஓடின தபால். அதில் வந்த ஒரு சீட்டைப் பாட்டி பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். இலவசத் தபால், இருபத்தைந்து வார்த்தைக்கு மேல் எழுதக் கூடாது, தணிக்கை உண்டு. பென்சிலில் எழுதியது. பாட்டி ஒவ்வொரு வார்த்தையாக விரல் வைத்து எனக்காக எண்ணிக் காட்டினார், இருபத்து மூன்று. நம் புத்தி எங்கே போகும்? "இது இப்போது ஏலத்தில் எவ்வளவு போகும் என்று கேளேன்" என்று நண்பனிடம் சொல்லிவிட்டேன். அவன் பாட்டியிடம் ஏதோ சொன்னான். பாட்டி எழுந்து போய் இன்னொரு கப் டீ கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். நான் சர்க்கரை போட்டுக் குடித்தேன்.

ரப்பர்முத்திரை

சீட்டில் ஸ்டாம்ப் இருந்ததா, சாரணர் சின்னமான அல்லி முத்திரை மட்டுமா? ஆகஸ்ட் என்றால் முத்திரை மட்டும்தான் இருக்கும், ஸ்டாம்ப் பிறகுதான் அச்சடித்தார்கள். படம் எடுத்தீர்களா?