தலைப்பு வெட்டுப்பட்ட சுவீடன் நகைச்சுவை இதழ்த் தாள்கள்: ஸ்ட்ரிக்ஸா, சோண்டாக்ஸ்-நிஸ்ஸெயா?

கேள்வி:
பழைய சுவீடன் நகைச்சுவை இதழ்களின் உதிரித் தாள்கள் ஸ்கேனாக உள்ளன. இதழின் பெயர், தேதி இரண்டும் இல்லை. சில கார்ட்டூன்களில் 'ஏ.இ.', சிலவற்றில் 'ஓ.ஏ.' என்று கையொப்பம். ஏ.இ. என்றால் ஓவியர் ஆல்பர்ட் எங்ஸ்ட்ரோம்தானே, அவற்றை ஸ்ட்ரிக்ஸ் இதழ் என்று குறித்துவிடலாமா? இன்னொரு தாள் முழுக்க க்ரோன்ஷோப்பிங் ஊர்ச் செய்திகள். அது எந்த வட்டாரப் பத்திரிகை?

பதில் 1:
ஏ.இ. எங்ஸ்ட்ரோம்தான். ஆனால் கையொப்பத்தை மட்டும் வைத்து இதழை முடிவு செய்யாதீர்கள். 1862இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய சோண்டாக்ஸ்-நிஸ்ஸெயில் 1890களின் நடுவில் ஆசிரியராக இருந்தவர் அவர். 1897இல்தான் ஸ்ட்ரிக்ஸைத் தொடங்கினார். இரண்டும் 1924இல் இணைந்து 'சோண்டாக்ஸ்நிஸ்ஸெ-ஸ்ட்ரிக்ஸ்' ஆகி 1955 வரை வந்தன. ஆக மூன்று இதழ்களுக்கு வாய்ப்பு உண்டு. படத்தில் கோலிங்கென் என்ற ஸ்டாக்ஹோம் நாடோடி இருந்தால் ஸ்ட்ரிக்ஸ் பக்கம் சாயலாம்.

ஓ.ஏ. என்பது ஆஸ்கர் ஆண்டர்சன். சோண்டாக்ஸ்-நிஸ்ஸெயின் ஆள், சுவீடன் சித்திரக்கதையின் முன்னோடி. 1906இல் இறந்தார். அவர் படங்கள் பிறகு நூல்களாகவும் வந்ததால், விளம்பரமே இல்லாத தாள் நூல் பக்கமாக இருக்கலாம். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள்.

பதில் 2:
காலத்துக்கு எழுத்துக்கூட்டலைப் பாருங்கள். 1906இன் சுவீடன் எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முன் 'வாட்' (என்ன) என்ற சொல்லின் தொடக்கத்தில் ஒலிக்காத ஹெச் ஒன்று இருக்கும். 'ஆவ்' என்பதன் கடைசி எழுத்து எஃப், பிறகு வி. 'கொட்' (நல்ல) போன்ற சொற்களின் இறுதியில் இருந்த 'dt' என்ற எழுத்து இணை 'tt' ஆனது.

பலர் தவறுவது இங்கேதான்: பழைய எழுத்து இருந்தாலே 1906க்கு முந்தியது என்று எழுதிவிடுகிறார்கள். அந்த ஆணை பள்ளிகளுக்கானது. பத்திரிகைகள் மெல்லத்தான் மாறின. புதிய எழுத்து இருந்தால் 1906க்குப் பிந்தியது என்பதே இரண்டில் உறுதியான முடிவு. வினைச்சொல்லின் பன்மை வடிவத்தை வைத்து மேலும் நெருங்க முடியாது, அச்சில் அது 1940கள் வரை நீடித்தது.

பதில் 3:
க்ரோன்ஷோப்பிங் என்று ஓர் ஊரே கிடையாது! சிற்றூர்ப் பத்திரிகைகளின் மிடுக்கான நடையைப் பகடி செய்ய, ஹாஸே செட்டர்ஸ்ட்ரோம் ஆசிரியராக இருந்தபோது 1902இல் சோண்டாக்ஸ்-நிஸ்ஸெக்குள் தொடங்கிய பகுதி அது. பிறகு தனி இதழாகி இன்றும் வருகிறது. கவிஞர் அல்ஃப்ரெட் வெஸ்ட்லுண்ட், காவலர் பவுலுஸ் பெரிஸ்ட்ரோம் என்ற கற்பனைப் பாத்திரங்களின் பெயர்கள் கண்ணில் பட்டால் சந்தேகமே வேண்டாம். வட்டாரச் செய்தி என்று பட்டியலிட்டால் பின்னால் வருபவர் இல்லாத ஊரைத் தேடி அலைவார்.

உறுதி செய்ய, ஸ்டாக்ஹோம் தேசிய நூலகத்துக்கு எழுதுங்கள். அச்சகங்கள் அங்கே பிரதி தர வேண்டும் என்ற விதி 1661 முதல் உண்டு. "இது என்ன?" என்று மட்டும் கேட்காமல், நீங்கள் ஊகிக்கும் இதழின் பெயர், உத்தேச ஆண்டு வரம்பு, படத்தின் அடியில் உள்ள வசனத்தின் முதல் வரி, மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். வசனத்தின் வரிதான் மிக முக்கியம், ஒரே ஓவியர் ஒரே பாத்திரத்தைத் திரும்பத் திரும்ப வரைந்திருப்பார்.