விட்டுட்டுப் போனவனை மறுபடி சேர்த்துக்க, சின்ன வயசு வலி போதுமான காரணமா?

நிலாமுற்றம்:
ரெண்டு ஆண்கள், காதல், பிரிவு, பல வருஷம் கழிச்சு மறுபடி சந்திப்பு. இந்த மாதிரிக் கதைகளைத் தேடித் தேடிப் படிக்கிறவ நான். ஆனா ஒண்ணு உறுத்துது. சொல்லாம கொள்ளாம போனவன் திரும்பி வந்து, அப்பா பெல்ட்டால அடிச்சதைச் சொல்வான். அடுத்த அத்தியாயத்துல ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு அழுவாங்க. காத்திருந்தவனும் அம்மா விட்டுட்டுப் போன பிள்ளைதானே? அவனை இன்னொரு தடவை ஒருத்தன் விட்டுட்டுப் போனது கணக்குலயே வராதா?

மழைக்காகம்:
காரணம் வேற, சாக்கு வேற. குழந்தைக்கும் வளர்க்கிறவங்களுக்கும் உள்ள பிணைப்பைப் பத்தி மனநல மருத்துவர் ஜான் பௌல்பி சொன்னதை, ஹேசன், ஷேவர்ங்கிற ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1987ல பெரியவங்க காதலுக்குப் பொருத்திப் பார்த்தாங்க. நெருங்கினாலே விலகுறவங்க உண்டு, எங்கே விட்டுடுவாங்களோன்னு ஒட்டிக்கிறவங்களும் உண்டு. இவன் ஒட்ட ஒட்ட அவன் விலகுறான், அவன் விலக விலக இவன் இன்னும் ஒட்டுறான். இதுல யாரைக் குத்தம் சொல்ல?

நிலாமுற்றம்:
குத்தவாளியைத் தேடல. மன்னிப்புக் கேக்குற காட்சி எங்கேன்னு கேக்குறேன். தன் கதையைச் சொல்றது மன்னிப்புக் கேட்டதாகாது.

தீக்குச்சி:
எனக்கு வேற கோபம். ரெண்டு பேருக்கும் இப்படி ஒரு பால்யத்தைக் கொடுத்தா, அடிபட்டதாலதான் ஆணை விரும்புறான்னு படிக்கிறவங்க முடிவு கட்டிடுறாங்க. 1973லயே அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் ஒருபால் ஈர்ப்பை நோய்ப் பட்டியல்லேருந்து எடுத்தாச்சு, 1990ல உலக சுகாதார நிறுவனமும் எடுத்தாச்சு. ஓடினதுக்கு வலி காரணமா இருக்கலாம். காதலிச்சதுக்கு இல்ல.

கரைசேர்ந்தவன்:
ஒண்ணு சொல்லணும். நாங்க ரெண்டு பேரும் ஆண்கள்தான். விட்டுட்டுப் போனது அவன். சேர்ந்திருந்த காலத்துல கட்டிலுக்கடியில அவனோட பை ஒண்ணு எப்பவும் தயாரா இருக்கும். ரெண்டு சட்டை, சான்றிதழ்கள், சார்ஜர். ராத்திரியில வீட்டை விட்டு ஓட வேண்டியிருந்த வயசுல வந்த பழக்கம். ஒருநாள் பையும் இல்ல, அவனும் இல்ல. ஆறு வருஷம்.

திரும்பி வந்தப்ப தன் கதையைச் சொல்லல. "நான் போன அன்னிக்கு ராத்திரி நீ என்ன பண்ணினே?"ன்னு கேட்டான். சாவி சத்தம் கேக்குமான்னு கதவுக்குப் பக்கத்துல தரையில உக்காந்திருந்ததைச் சொன்னேன். விடிஞ்சதும் என்ன பண்ணினேன், அடுத்த நாள் என்ன பண்ணினேன், எல்லாத்தையும் குறுக்க பேசாம கேட்டான். அதுக்கப்புறமும் எட்டு மாசம் பை கட்டிலுக்கடியிலதான் இருந்துச்சு. எடுத்து வைன்னு நான் சொல்லல.

மழைக்காகம்:
அந்த எட்டு மாசத்தைத்தான் கதைகள் எழுதுறதில்ல. நிலாமுற்றம், இந்த இடத்துல உங்க பக்கம் நிக்கிறேன்.

நிலாமுற்றம்:
நான் இன்னும் சமாதானமாகல. ஆறு வருஷம் ஆறு வருஷந்தான். உங்க இடத்துல நான் இருந்தா கதவைத் திறந்திருக்க மாட்டேன். ஆனா அவர் கேட்ட அந்தக் கேள்வி மாதிரி ஒண்ணை எந்தக் கதையிலயும் நான் படிச்சதில்ல. பை இப்ப எங்கே?

கரைசேர்ந்தவன்:
பரண்ல. சட்டைங்க என் அலமாரியில. அவன் வர லேட்டானா, சாவி சத்தம் கேக்குற வரைக்கும் எனக்கு இன்னும் தூக்கம் வராது. அது அவனுக்கும் தெரியும், கிளம்பும்போதே போன் பண்ணிடுவான்.