கடையில் கொடுத்த நம்பரை நீக்கச் சொல்லி எழுத உதவி வேண்டும்

வணக்கம். நாங்கள் கேரளத்தில், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். ஓணத்துக்குத் துணி எடுத்த கடையில் பரிசுக் கூப்பன் ஒன்றை நீட்டினார்கள். பெயர், போன் நம்பர், பிறந்த நாள், கல்யாண நாள் என அம்மா ஒரு கட்டம் விடாமல் எழுதிக் கொடுத்துவிட்டார்.

மறு வாரத்திலிருந்து நகைக்கடன், சீட்டு, இன்சூரன்ஸ் என்று ஓயாமல் போன். பெயர் சொல்லியே கூப்பிடுகிறார்கள். கல்யாண நாளன்று மலையாளத்தில் ஒரு வாழ்த்து வந்தது. அம்மாவுக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. "என்ன எழுதியிருக்கு?" என்று போனை என்னிடம் நீட்டினார். அப்பா தவறி ஒரு வருடம்தான் ஆகிறது. படித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1909-ல் சொல்லி, விளம்பர அழைப்புகளைத் தடுக்கும் டிஎன்டி (DND) போட்டாச்சு. சாதாரண பத்து இலக்க நம்பர்களிலிருந்து இன்னும் வருகிறது. கடையில் கேட்டால் "சிஸ்டத்தில் ஏறிவிட்டது" என்கிறார்கள். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறதே!

யாராவது கடைக்கு எழுதிக் கொடுத்து நம்பரை நீக்க வைத்திருக்கிறீர்களா? அந்தக் கடிதத்தை மலையாளத்தில் எழுதித் தர முடியுமா? அப்புறம், நுகர்வோர் உதவி எண் 1915-ல் இந்த மாதிரிப் புகாரை எடுத்துக்கொள்வார்களா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.