ஆகாய கங்கை: 47 வயது முட்டியோடு இறங்கலாமா?

கேட்பவர்: பில்லிங் அக்கா, ஈரோடு

வருகிற சனிக்கிழமை ஆபீசில் 11 பேர் கொல்லிமலை போகிறோம். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்தில் படி இறங்கி, ஆகாய கங்கை அருவியில் குளித்துவிட்டு அன்றைக்கே ஊர் திரும்புவதாக ஏற்பாடு. என்னைத் தவிர எல்லாரும் முப்பதுக்குக் கீழ். எனக்கு 47. நாற்காலியில் உட்கார்ந்தே இருபது வருடம் ஓட்டியவள். இரண்டு மாடி ஏறினால் இடது முட்டி 'கடக்' என்கிறது.

படி எத்தனை என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள். "இறக்கம்தானேக்கா, ஜாலியா போயிடலாம்" என்கிறான் ஒரு பையன். வரவில்லை என்றால் அடுத்த மாதம் முழுக்க அதைச் சொல்லியே கேலி செய்வார்கள். போய் வந்தவர்கள் உண்மையைச் சொல்லுங்கள். இறங்கலாமா, கோயிலிலேயே உட்கார்ந்துவிடலாமா?

பதில்: ராசிபுரத்தான்

அம்மணி, அந்தப் பையனிடம் ஒன்று கேளுங்கள்: இறங்கின ஆள் மேலே எப்படி வருவாராம்? மற்ற மலைகளில் காலையில் தெம்பாக ஏறி, களைத்த பிறகு இறங்குவோம். இங்கே தலைகீழ். குளித்து, பசியெடுத்து, ஈரத் துணியோடு நிற்கும்போதுதான் ஏற்றமே ஆரம்பிக்கும்.

நான் போனது இரண்டு வருடம் முன்பு, தை மாதம். அப்போது எனக்கு 52. எங்கள் கிளையில் ஒன்பது பேர், ஒரு வேன். காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் நாற்பதாவது வரும்போதே கேஷியர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். செம்மேட்டில் இட்லி, வல்வில் ஓரி சிலை முன்னால் ஒரு போட்டோ, அப்புறம் நேரே கோயில்.

படிகள் ஒரே உயரமாக இருக்காது. சில இடத்தில் முன்னால் போகிறவரின் தலை நம் பாதத்துக்கு நேர்கீழே தெரியும். என் முட்டி ஒன்றும் சொல்லவில்லை. தொடைதான் மாட்டிக்கொண்டது. இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் உடம்பு எடையைத் தாங்கிப் பிரேக் போடுவது தொடைத் தசை. நீண்டுகொண்டே இறுக வேண்டும். கீழே போய் நின்றபோது இரண்டு காலும் தையல் மிஷின் மாதிரி ஆடின.

ஆனால் அருவியைப் பார்த்தால் எல்லாம் மறந்துவிடும், அதையும் சொல்ல வேண்டும். 300 அடி உயரத்திலிருந்து ஐயாறு விழுகிறது, சுற்றிலும் மலைச்சுவர். கிட்டே போகும் முன்பே சாரல் முகத்தில் மணல் எறிகிற மாதிரி அடிக்கும். கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டேன். அரை மணி என்று சொல்லி ஒரு மணி நேரம் நின்றோம். அதுதான் தப்பு.

ஏறும்போது முதலில் விழுந்தது, இறங்கும்போது ஓடின 28 வயதுத் தம்பி. காலையில் இரண்டு பூரி, கையில் தண்ணீர் இல்லை. பாதி வழியில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு கத்தினான். உப்புப் போட்ட மோர் கொண்டுபோயிருந்த ஒரே ஆள் நான்தான். பாதி பாட்டில் அவனுக்குப் போனது. மேலாளர் அன்றைக்கு டார்கெட் பற்றி யாரிடமும் பேசவில்லை, பேச மூச்சு இல்லை. நான் முப்பது படி ஏறுவேன், நிற்பேன், மறுபடி முப்பது. ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல வந்தால்தான் அடுத்த முப்பது. தலையில் சுமையோடு ஒரு மலைக்காரப் பாட்டி எங்களைத் தாண்டிப் போனார். "உக்காராதீங்க சாமி, கால் மரத்துப் போவும். நின்னு நின்னு போங்க" என்றார். உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கப் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு, அது எவ்வளவு சரி என்று தெரிந்தது. மேலே வர எனக்கு ஒன்றே முக்கால் மணி நேரம்.

மேலே முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடியுங்கள். முட்டி வலி போகும் என்று சொல்லி விற்பார்கள். எனக்குப் போகவில்லை. மிளகு தூக்கலாக நன்றாக இருந்தது, இரண்டு கப் குடித்தேன். மறுநாளைவிட அதற்கடுத்த நாள்தான் வலி உச்சம். திங்கட்கிழமை ஆபீஸ் படியில் நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். வலியும் வீக்கமும் இல்லாமல் சத்தம் மட்டும் என்றால் அது வேறு. வீக்கம் இருந்தால், படி இறங்கும்போது குத்தினால், கோயிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சந்தேகமாக இருந்தால் நூறு படி இறங்குங்கள், அங்கேயே திரும்பி இருபது ஏறிப் பாருங்கள். முடிவை அந்த இருபது சொல்லிவிடும்.

பதில்: செம்மேட்டுப் பொண்ணு

படிக்கணக்குச் சண்டை இங்கே எங்களுக்குள்ளும் உண்டு. ஆயிரத்துக்கு மேல், அது போதும். மழை பெய்து தண்ணீர் கூடினால் அருவிக்கு விடமாட்டார்கள், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். தின்பண்டத்தைக் கையில் தொங்கவிட்டுப் போகாதீர்கள், குரங்கு பறித்துவிடும். இறங்க முடியாவிட்டால் மாசிலா அருவி இருக்கிறது, கொஞ்சம் படிதான். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் குளிப்பது அங்கேதான்.

பில்லிங் அக்கா, ஈரோடு

போய் வந்துவிட்டேன். நூறு இறங்கி இருபது ஏறினேன். முட்டி சும்மா இருந்தது, மூச்சுதான் நின்றுவிடும்போல் இருந்தது. திரும்பிவிட்டேன். என்னோடு இன்னொரு பெண்ணும் ஏறிவிட்டாள், நான் சொல்வதற்காகவே காத்திருந்தாளாம். இரண்டு பேரும் கோயிலில் ஆற்று மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தோம். மற்றவர்கள் வந்து சேர மதியம் மூன்று ஆகிவிட்டது. அப்புறம் மாசிலாவில் குளித்தேன்.

'ஜாலியா போயிடலாம்' என்ற பையன் இன்றைக்கு முதல் மாடிக்கு லிப்டில் வந்தான்.

கிழங்கு அரைக் கிலோ வாங்கி வந்திருக்கிறேன். மேலே ஆட்டுக்கால் மாதிரி ஒரே ரோமமாக இருக்கிறது. இதை எப்படிச் சீவுவது, செம்மேட்டுப் பொண்ணு சொல்லுங்களேன்.