கோனன் ரீமேக் (2011): உங்களை இன்னும் விடாத காட்சி எது?

நள்ளிரவுக் காட்சி:
த்ரீ-டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்ததிலிருந்து ஒரே இடத்துக்காகக் காத்திருந்தேன். ஆர்னால்ட் நடித்த 1982 படத்தில் அம்மா, சிறுவன் கோனனின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பாளே, அது. வில்லன் துல்சா டூம் அவளையே பார்ப்பான், அவள் வாள் தானாகத் தாழும், அவன் திரும்பிப் போகிறவன்போல் திரும்பி ஒரே வீச்சு. பையன் கையிலிருந்து அந்தக் கை நழுவும் பாருங்கள்... வசனமே கிடையாது. புதுசில் அம்மா போர்க்களத்திலேயே பிள்ளையைப் பெற்றுவிட்டுச் செத்துவிடுகிறாள். அந்தக் கை வரவே இல்லை. வீட்டுக்கு வந்தும் என் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரும்புக்கொல்லன்:
அண்ணே, அது 1982 படத்தின் ரீமேக்கே இல்லை. எழுத்தாளர் ராபர்ட் ஈ. ஹோவர்ட் 1932இல் தொடங்கிய கோனன் கதைகளிலிருந்து புதிதாகக் கிளம்பின படம். அம்மா போர்க்களத்தில் பெற்றெடுப்பது அவர் எழுதிவைத்த பிறப்புதான், அதைக் குறையாகச் சொல்லாதீர்கள். என்னை விடாதது முட்டை. வாயில் முட்டையோடு பையன்கள் ஓடுவார்கள், உடையக் கூடாது. நடுவில் எதிரிகள் பாய்வார்கள். சிறுவன் கோனனாக வரும் லியோ ஹோவர்ட், வெட்டிய தலைகளோடு ஊருக்குள் நடந்து வருவான், வாய் அப்போதும் மூடியே இருக்கும். டிவிடியில் பார்த்தோம். பக்கத்தில் என் தம்பியும் வாயை இறுக்கிக்கொண்டு மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். வளர்ந்த கோனனாக மோமோவா வந்த பிறகு அந்த அளவுக்கு ஒரு காட்சிகூட இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

தாரை தப்பட்டை:
எனக்கு இசைதான். 1982 படத்துக்கு பேசில் பொலடூரிஸ் போட்ட முரசும் கொம்பும் இல்லாமல் கோனன் வாளை உருவியதும் நெஞ்சு காலியாகிவிட்டது. அவ்வளவுதான்.

பழைய ப்ரொஜக்டர்:
நான் 2011 படத்தைத்தான் முதலில் பார்த்தேன். மணலிலிருந்து வீரர்கள் எழும் சண்டை நன்றாக இருந்தது, ஆனால் இருட்டடித்தது. இனி பார்க்கிறவர்கள் தயவுசெய்து த்ரீ-டியில் பார்க்காதீர்கள். சாதாரணமாகப் படம்பிடித்துப் பிறகு மாற்றியது, கண்ணாடி போட்டால் பாதி வெளிச்சம் போய்விடும். முதலில் 1982ஐப் பாருங்கள். போனில் வேண்டாம், பெரிய திரையில், நல்ல ஸ்பீக்கரில். அடிமைகளைக் கட்டித் தள்ளவைக்கும் அந்த வலிச்சக்கரக் காட்சியை ஓட்டிவிடாதீர்கள்: கூடத் தள்ளியவர்கள் ஒவ்வொருவராக இல்லாமல் போய், பையன் ஆளாகி, ஆர்னால்ட் தனியாகத் தலை நிமிர்வார். வளர்ந்ததைச் சொல்ல இயக்குநர் மிலியஸுக்கு அது போதும். ஒரு வாரம் கழித்து 2011ஐப் பாருங்கள். ஒரே நாளில் பார்த்தால் மோமோவாவுக்கு அநியாயம், மனிதர் உடம்பால் உழைத்திருக்கிறார்.

நள்ளிரவுக் காட்சி:
கொல்லன் தம்பி, ரீமேக் இல்லை என்றே இருக்கட்டும். ஆனால் அதிலும் பையன் கண் முன்னால்தானே அப்பா போகிறார்? கொதிக்கும் இரும்புக் கொப்பரை மேலே, சங்கிலி பையன் கையில். மகன் பிழைக்கட்டும் என்று அப்பாவாக வரும் ரான் பெர்ல்மன் தானே அதைத் தன் மேல் கவிழ்த்துக்கொள்வார். நீங்கள் சொன்ன பிறகு நேற்று அதை மட்டும் மறுபடி போட்டுப் பார்த்தேன். சங்கிலி சுட்டும் பையன் கையை எடுக்கவில்லை. அன்று தியேட்டரில் இதைக் கவனிக்காமல் போனேனே.