இலவச மின்கை: வாங்குவதா, விடுவதா?

முத்தையன்கட்டு அத்தை:
2009 மாசியில, போருக்குள்ள செல் (எறிகணை) விழுந்து என்ர மருமகனுக்கு இடக்கை முழங்கைக்குக் கீழ போனது. அப்ப ஏழு வயது. இப்ப கனடாவில இருக்கிற உறவுக்காரர் மூலமா ஒரு வெளிநாட்டுக் கம்பனி பற்றரியில வேலைசெய்யிற கை தாறம் எண்டுது. ரெண்டு வருசம் காசில்லை. பதிலுக்கு, அவன் அந்தக் கையால செய்யிற ஒவ்வொரு அசைவும் அவையின்ர கணினிக்குப் போகுமாம், வீடியோவும் எடுப்பினமாம். ஒப்பந்தம் ஆங்கிலத்தில 11 பக்கம். வீட்டில அண்ணை வாங்கு எண்டுறார், நான் வேண்டாம் எண்டுறன். என்ன சொல்லுறியள்?

ஸ்காபரோ தம்பி:
யோசிக்காமல் வாங்குங்கோ அக்கா. எங்கட சனத்துக்கு எப்பவும் மலிவானதுதான் எண்டு ஆர் எழுதி வைச்சது? ஐ.நா.வின்ர மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சாசனத்தை இலங்கை 2016 இல ஏற்று உறுதிப்படுத்தினது. அதின்ர 20 ஆம் உறுப்புரை, தரமான நடமாட்ட உதவிகள் கட்டுப்படியான விலையில கிடைக்கச் செய்யச் சொல்லுது. இது பிச்சை இல்லை.

கால்வார்ப்பவன்:
உரிமை சரி தம்பி. நான் 14 வருசமா கையும் காலும் பொருத்துறன், அந்த அனுபவத்தைச் சொல்லுறன். மின்கை, மிஞ்சின கையின்ர தசைத் துடிப்பைத் தோலுக்கு மேலால பிடிச்சு வேலைசெய்யிறது. சித்திரை வெயிலில வேர்த்தால் அந்தத் துடிப்பைச் சரியாப் பிடிக்காது. சேத்துக்குள்ள விட ஏலாது. 16, 17 வருசமா வேலையில்லாமல் கிடந்த தசையைப் பழக்க மாசக்கணக்கில பயிற்சி வேணும், அதைச் சொல்லித்தர ஆள் வேணும். 2007 இல வந்த ஒரு ஆய்வுத் தொகுப்பில, பெரியாக்களில மின்கையைக் கைவிட்டவை 23 வீதம், கயிறு இழுத்து இயக்கிற கையைக் கைவிட்டவை 26 வீதம். பெரிய வித்தியாசம் இல்லை, பாருங்கோ.

ஜெய்ப்பூர் கால் எண்ட செயற்கைக் கால் ஏன் இவ்வளவு பரவினது? 1968 இல வைத்தியர் சேத்தியும் ராம் சந்திர சர்மா எண்ட கைவினைஞரும் சேர்ந்து செய்யேக்க, சப்பாத்துப் போடாமல் நடக்கிற, குந்தி இருக்கிற, வயலுக்குள்ள இறங்கிற ஆளை மனசில வைச்சுச் செய்தவை. இந்தக் கையைச் செய்தவைக்கு முத்தையன்கட்டு வயல் தெரியுமோ?

மாங்குளம் மாஸ்டர்:
பிள்ளையள், இந்த இடத்தில ஒரு ஆளை நினைக்கிறன். ஜோர்ஜ் கங்கிலெம். பிரான்ஸ்காரர், மெய்யியல் படிப்பிச்சுக்கொண்டே மருத்துவமும் படிச்சவர். 1943 இல, நாடு ஜேர்மன்காரரின்ர பிடியில கிடக்கேக்கதான், தன்ர மருத்துவ ஆய்வேட்டைக் குடுத்தவர். அடுத்த வருசம் எதிர்ப்புப் போராளியளுக்கு வைத்தியம் பாத்தவர். காயத்தைப் புத்தகத்தில மட்டும் கண்ட ஆளில்லை.

அவர் கேட்ட கேள்வி: ‘இயல்பு’ எண்டு ஆர் தீர்மானிக்கிறது? கன பேரை அளந்து எடுத்த சராசரி அதைச் சொல்லாது எண்டார். சூழல் மாறேக்க புது ஒழுங்கொண்டைத் தானே அமைச்சு வாழுற வலுத்தான் ஆரோக்கியம். அப்பிடிப் பாத்தால் அந்தப் பெடியன் ஒரு குறைபட்ட உடம்போட 16 வருசம் காத்திருந்தவன் இல்லை. தனக்கெண்டு ஒரு ஒழுங்கு வைச்சு வாழுறவன். கம்பனி அதுக்குள்ள வந்து ‘நாங்கள் உன்னை முழுமையாக்கிறம்’ எண்டால், முழுமை எது எண்டு தீர்மானிக்கிற உரிமையையும் சேர்த்து எடுக்குது.

ஸ்காபரோ தம்பி:
மாஸ்டர், மன்னிக்கோணும். எனக்கு இது கோபத்தை வரவைக்குது. ரெண்டு கையும் உள்ள நாங்கள் இருந்துகொண்டு ‘நீ இருக்கிறபடி நல்லாத்தான் இருக்கிறாய்’ எண்டு சொல்லலாமோ? இதே நியாயத்தைச் சொல்லி ஒரு அரசாங்கமும் ஒரு சதம் செலவழிக்காமல் இருக்கலாமே.

மாங்குளம் மாஸ்டர்:
நீ சொல்லுறது விழவேண்டிய அடி. என்ர வாதத்தை அப்பிடியும் பாவிக்கலாம், மறுக்கேல்லை. அதனாலதான் கேக்கிறன்: இந்தத் திரியில இவ்வளவு எழுதினம், அவனைக் கேட்டது ஆர்?

வவுனியா சட்டமாணவி:
அக்கா, கையைவிட அந்த 11 பக்கம்தான் எனக்குப் பயம். தரவும் வீடியோவும் எடுக்கினம் எண்டால் இது அன்பளிப்பு இல்லை, ஆய்வு. மருத்துவ ஆய்வுக்கு 1964 இல இருந்து ஹெல்சிங்கிப் பிரகடனம் எண்ட ஒழுக்கநெறிக் கோட்பாடுகள் இருக்கு. பங்குபற்றிறவருக்கு விளங்கக்கூடியமாதிரிச் சொல்லித்தான் சம்மதம் எடுக்கவேணும், அவர் எப்பவும் விலகலாம். பயன் தந்த பொருள் ஆய்வு முடிஞ்ச பிறகும் அவருக்குக் கிடைக்க முன்கூட்டியே ஒழுங்கு செய்யவும் சொல்லுது. மூண்டாம் வருசம் பற்றரி ஆர் தாறது? நடுவில வேண்டாம் எண்டால் வீடியோவை அழிப்பினமோ? ஒரு சுயாதீன ஒழுக்கநெறிக் குழு இதைப் பாத்ததோ? தமிழில எழுத்தில வாங்குங்கோ. அதுவரை கையெழுத்து வேண்டாம்.

ஸ்காபரோ தம்பி:
இதோட நான் ஒத்துப்போறன். மூண்டாம் வருசக் கேள்வியை நான் யோசிக்கேல்லை.

முத்தையன்கட்டு அத்தை:
நேற்று ராத்திரி அவனை இருத்திக் கேட்டன். உண்மையா, நாங்கள் ஒருத்தரும் கேக்கேல்லைத்தான். கன நேரம் பேசாமல் இருந்திட்டுச் சொன்னான்: ‘அத்தை, லான்ட்மாஸ்டர் உழவு மெசின்ர ஹான்டிலைப் பிடிக்க, கையில மாட்டுற வலுவான கொக்கி ஒண்டு வேணும், இப்ப இருக்கிறது தேஞ்சுபோச்சு. கலியாணவீட்டுக்குப் போகேக்க போட மின்கையும் இருந்தால் விருப்பம். ஆனா என்ர வீடியோ வேண்டாம்.’

சட்டமாணவித் தங்கச்சி சொன்ன கேள்வியளோட இதையும் எழுதி இண்டைக்கு அனுப்பிறன். கால் வார்க்கிற தம்பி, கொக்கிக்கு அளவெடுக்க அவனை எப்ப கூட்டிக்கொண்டு வரலாம்?

கால்வார்ப்பவன்:
செவ்வாய் காலமை வாங்கோ அக்கா. பழைய கொக்கியையும் மறக்காமல் கொண்டுவாங்கோ. எந்தப் பக்கம் தேஞ்சிருக்கு எண்டு பாத்தால் அவன் கையை எப்பிடிப் பாவிக்கிறான் எண்டு தெரியும்.